ஒரே 3584, இரண்டு கார்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

கடந்த இதழில் கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவது பற்றி ஒரு சிறு பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய கார்டா, புதிய கார்டா என்ற ஒரே சந்தேகத்தைச் சுற்றியே இருந்ததால், இந்த இதழின் பக்கங்களைப் பழைய கார்டுகளையும் புதிய கார்டுகளையும் ஒப்பிடுவதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் கோவில்பட்டியில் கணினி அறிவியல் படிக்கும் மாணவன். நண்பரின் அண்ணன் தம்முடைய ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டை விற்கப் போகிறார். வேறொருவரிடம் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி கார்டு சற்றுக் கூடுதலான விலைக்குக் கிடைக்கிறது. இரண்டின் விவரக் குறிப்பிலும் கோர்களின், அதாவது கணக்குப் போடும் சிறு பிரிவுகளின், எண்ணிக்கை 3584 என்றே இருக்கிறது. நினைவகத்தின் வேகம் பழைய கார்டில்தான் அதிகம். அப்படியானால் பழையதையே வாங்கிவிடலாமா?

பதில்: இரண்டு கார்டுகளின் விவரக் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருக்கிறீர்கள், அதற்காக முதலில் உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் நீங்கள் முதலில் பார்த்த எண்தான் எல்லாவற்றிலும் அதிகமாக ஏமாற்றக்கூடியது. கோர்களின் எண்ணிக்கையை ஒரே தலைமுறையைச் சேர்ந்த கார்டுகளுக்குள் ஒப்பிடலாம். தலைமுறை மாறினால், எதைக் கோர் என்று கணக்கிடுகிறார்கள் என்பதே மாறிவிடுகிறது.

இது இன்று தொடங்கியதல்ல. 2010 நவம்பரில் வந்த ஜிடிஎக்ஸ் 580 கார்டில் 512 கோர்கள் இருந்தன. 2012 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 680 கார்டில் 1536 கோர்கள் இருந்தன. எண்ணிக்கை மும்மடங்காகியும், விளையாட்டுகளில் கிடைத்த முன்னேற்றம் இரு மடங்கைக்கூட எட்டவில்லை. பழைய கார்டில் கோர்கள் மட்டும் சிப்பின் மற்றப் பகுதிகளைப் போல இரு மடங்கு வேகத்தில், அதாவது 1544 மெகாஹெர்ட்ஸில் ஓடின; புதிய கார்டில் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, 1006 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கோர்களை அதிகமாக அடுக்கினார்கள். மின்சாரச் செலவைக் குறைத்த நல்ல மாற்றம்தான் அது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்கள்தான் ஏமாந்தார்கள்.

அதே கதை 2020-இல் மீண்டும் நடந்தது. அதற்கு முந்தைய, ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ சேர்ந்த டூரிங் தலைமுறையில் தசமக் கணக்குப் போடும் பிரிவுகளும் முழு எண் கணக்குப் போடும் பிரிவுகளும் தனித்தனியே இருந்தன. முதல் வகையை மட்டுமே கோர் என்று எண்ணினார்கள். 3060, 3070 கார்டுகள் சேர்ந்த ஆம்பியர் தலைமுறையில் இரண்டாவது வகைப் பிரிவுகளுக்கும் தசமக் கணக்குப் போடும் திறனைக் கொடுத்து, அவற்றையும் கோர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் முழு எண் கணக்கு வரும்போதெல்லாம் அந்தப் பிரிவுகள் அதைச் செய்யப் போய்விடும். ஆகவே 4352 கோர்கள் கொண்ட ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ கார்டும், 5888 கோர்கள் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3070 கார்டும் விளையாட்டுகளில் ஏறத்தாழச் சமமாகவே நிற்கின்றன.

இப்போது உங்கள் இரண்டு கார்டுகளுக்கு வருவோம். நினைவக வேகத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் கணக்கிட்டுச் சரிபார்க்கலாம்: சிப்புக்கும் நினைவகத்துக்கும் இடையிலான பாதையான பஸ்ஸின் அகலத்தை, ஒரு விநாடிக்கு ஒவ்வோர் இழையிலும் செல்லும் கிகாபிட்டால் பெருக்கி, எட்டால் வகுக்க வேண்டும். 1080 டிஐ கார்டில் 352 பிட் அகலமும் 11 கிகாபிட் வேகமும் இருப்பதால் விநாடிக்கு 484 ஜிபி கிடைக்கிறது. 3060 கார்டில் 192 பிட்டும் 15 கிகாபிட்டும். ஆக 360 ஜிபி. நினைவகத்தில் படப்புள்ளிகளை எழுதும் பிரிவுகளும் பழைய கார்டில் 88, புதியதில் 48. அதனால்தான் 2017 மார்ச்சில் 699 டாலருக்கு வந்த அந்தக் கார்டு, நான்கு ஆண்டுகள் கழித்து 329 டாலருக்கு வந்த 3060 கார்டுடன், அக்காலத்து விளையாட்டுகளில் இன்றும் தோளோடு தோள் நிற்கிறது; சிலவற்றில் முந்தவும் செய்கிறது. இத்தனை ஆண்டுகள் உழைத்த கார்டுகள் அரிது என்பதை மனமாரச் சொல்கிறேன்.

ஆயினும் உங்களுக்கு நான் 3060 கார்டையே பரிந்துரைப்பேன். அதற்குக் காரணம் வேகம் அல்ல. 1080 டிஐ சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களை வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறது. கணினி அறிவியல் மாணவரான உங்களுக்கு அதைவிட முக்கியமானது, கார்டைக் கொண்டு கணிப்பு வேலைகளைச் செய்ய உதவும் என்விடியாவின் குடா மென்பொருளின், 2025-இல் வந்த 13ஆம் பதிப்பு பாஸ்கல் கார்டுகளை ஆதரிப்பதில்லை என்பது. இயந்திரக் கற்றலுக்கு உதவும் டென்சர் கோர்களும், ஒளிக்கதிர்களைப் பின்தொடரும் தனிப் பிரிவுகளும் அந்தக் கார்டில் கிடையா. இந்த இரண்டாவது குறை நெடுநாள் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு, அந்தப் பிரிவுகள் இல்லாத கார்டுகளில் ஓடாது என்றே நிபந்தனை விதித்தது. அதன் பிறகு வேறு சிலவும் அவ்வாறே வருகின்றன.

மின்சாரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பழைய கார்டு 250 வாட், மற்றது 170 வாட். முழுச் சுமையில் நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடினால், நம் மின் கட்டணம் கணக்கிடப்படும் இரண்டு மாதங்களில் 80 வாட் வித்தியாசம் சுமார் 19 யூனிட் ஆகும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். 600 வாட்டுக்குக் குறைந்ததாக இருந்தால், பழைய கார்டுக்கு அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: தென்காசியில் திருமண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். 3060 கார்டை விற்றுவிட்டு 4060 வாங்கினால் வேலை வேகமாக நடக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் புதியதில் 12 ஜிபிக்குப் பதில் 8 ஜிபிதான் இருக்கிறது. இது முன்னேற்றமா, பின்னடைவா?

பதில்: விளையாடுபவருக்கு முன்னேற்றம். உங்களுக்கு அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது.

2023 ஜூனில் வந்த 4060 கார்டில் கோர்கள் 3072 ஆகக் குறைந்தன; பஸ் 128 பிட்டாகச் சுருங்கியது; நினைவக வேகம் விநாடிக்கு 272 ஜிபியாக இறங்கியது. எல்லா எண்களும் இறங்கியிருந்தும் 1080பி திரையில் அது 3060 கார்டைவிடத் தெளிவாக வேகமானது. மின்சாரமோ 115 வாட்தான். டிஎஸ்எம்சி நிறுவனத்தின் நுண்மையான தயாரிப்பு முறையால் கோர்கள் மிக அதிக மெகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. மேலும் சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் 3 எம்பியிலிருந்து 24 எம்பியாக உயர்ந்திருக்கிறது. அடிக்கடி வேண்டியிருக்கும் தரவு கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பதால் நினைவகத்துக்குப் போகும் நடை குறைகிறது. சமையலறையிலேயே அஞ்சறைப் பெட்டி இருந்தால், ஒவ்வொரு சிட்டிகைக்கும் ஸ்டோர் அறைக்கு ஓட வேண்டியதில்லை அல்லவா, அதைப் போல.

ஆனால் அஞ்சறைப் பெட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அரிசி மூட்டையை அதில் வைக்க முடியாது. 4கே காட்சிகளை நிறத் திருத்தத்துடனும், இருட்டு மண்டபத்தில் எடுத்தவற்றுக்குப் புள்ளி நீக்கத்துடனும் அடுக்கடுக்காக வைத்து எடிட் செய்யும்போது நினைவகத்தின் கொள்ளளவுதான் பேசும். 8 ஜிபி நிரம்பிவிட்டால் மிச்சம் கணினியின் ராமுக்குப் போகும். அங்கிருந்து, கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் பிசிஐஇ வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். 4060 கார்டு எட்டு இழைகளை மட்டுமே பயன்படுத்துவதால், 4.0 பதிப்பு மதர்போர்டில்கூட அந்த வழியின் வேகம் விநாடிக்கு சுமார் 16 ஜிபி. 272 எங்கே, 16 எங்கே! டைம்லைன் திடீரென்று உறைந்து நிற்பதற்கும், மென்பொருள் நினைவகம் போதவில்லை என்று அறிவிப்பதற்கும் இதுவே காரணம்.

உங்கள் தொழிலுக்கு வேறொரு விவரம் இதைவிடப் பெரியது. இன்றைய கேமராக்கள் பல, நிற விவரங்களை அதிகமாகச் சேமிக்கும் 10 பிட், 4:2:2 முறையில் பதிவு செய்கின்றன. அந்தக் கோப்புகளை வன்பொருளிலேயே விரித்துக் காட்டும் வசதி 3060-இலும் இல்லை, 4060-இலும் இல்லை. ஜிஃபோர்ஸ் வரிசையில் ஆர்டிஎக்ஸ் 50 தலைமுறையில்தான் முதன்முறையாக வந்தது. நீங்கள் அப்படிப் பதிவு செய்பவராக இருந்தால், 3060-இலிருந்து 4060-க்குப் போவதில் உங்கள் முக்கியமான சிரமம் தீரப் போவதில்லை. உங்கள் பிராசஸர் இன்டெல் 11ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ என்றால், அதற்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி எச்.265 வகை 4:2:2 கோப்புகளை விரிக்கும். பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து உள்ள பிராசஸர்களில் அந்தப் பகுதி இருக்காது. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் அது அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பைசா செலவில்லாமல் வேலை வேகமாகலாம். ஏவி1 வடிவில் வீடியோவை ஏற்றுமதி செய்யும் தேவை இருந்தால் மட்டும் 4060 கார்டுக்கு ஒரு நியாயம் உண்டு. 3060 கார்டால் ஏவி1 கோப்பைக் காட்ட முடியும், உருவாக்க முடியாது.

கேள்வி: அலுவலகத்திலிருந்து கழித்துவிடப்பட்ட நான்காம் தலைமுறை ஐ5 கணினி ஒன்றை மகனுக்காக வாங்கினேன். எஸ்.எம்.பி.எஸ். சிறியது, கார்டுக்குத் தனி மின் இணைப்பு அதில் இல்லை. ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி புதிய கார்டு என்பதால் அதை வாங்கச் சொல்கிறார்கள். — திருநெல்வேலி வாசகர்

பதில்: வேண்டாம். 2022 ஜனவரியில் வந்த அந்தக் கார்டு பிசிஐஇயில் நான்கே இழைகளைப் பயன்படுத்துகிறது. 4.0 பதிப்பு மதர்போர்டில் அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் கணினியில் இருப்பது 3.0, அங்கே வழியின் வேகம் விநாடிக்கு சுமார் 4 ஜிபியாகப் பாதியாகிவிடும். கார்டின் நினைவகமும் 4 ஜிபிதான் என்பதால் அது விரைவில் நிரம்பும். நிரம்பியபின் அந்தக் குறுகிய வழியைத்தான் நம்ப வேண்டும். வீடியோவைப் பதிவு செய்யும் வன்பொருள் வசதியும் அதில் இல்லை; பல ஆண்டுகள் பழைய ஆர்எக்ஸ் 580 கார்டில் அது இருந்தது. புதியது என்பதாலேயே எல்லாவற்றிலும் மேலானது என்று எண்ணுவோருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அதற்குத் தனி மின் இணைப்பும் தேவை.

2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி கார்டு 70 வாட்டில் ஓடுகிறது; தனி இணைப்பு வேண்டாத மாதிரிகள் கிடைக்கின்றன. கடைக்காரரிடம் 6 ஜிபி என்பதை அழுத்திச் சொல்லுங்கள். அதே பெயரில் வந்த 8 ஜிபி கார்டு 130 வாட் கேட்கும். பெட்டி ஒடுங்கியதாக இருந்தால் உயரம் குறைந்த மாதிரியைக் கேளுங்கள். அந்தப் பிராசஸர் மிகப் பழையது என்பதால் கார்டின் முழு ஆற்றலும் வெளிப்படாது. ஆனாலும் பின்னர் வேறு கணினி வாங்கும்போது கார்டைக் கழற்றி அதில் பொருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தம்பிக்காக ஜிடி 1030 கார்டு வாங்கிக் கொடுத்தேன். அவனுடைய நண்பனிடமும் அதே பெயருள்ள கார்டுதான் இருக்கிறது. ஆனால் நண்பனுடையதில் ஓடும் விளையாட்டு தம்பியுடையதில் தடுமாறுகிறது. கடையில் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்கிறார்கள். என்ன காரணம்?

பதில்: இரண்டும் ஒன்றல்ல, சகோதரி. உங்கள் தம்பிக்குக் கிடைத்தது பெரும்பாலும் டிடிஆர்4 நினைவகம் கொண்ட கார்டாக இருக்கும். 2017-இல் ஜிடி 1030 வந்தபோது அதில் ஜிடிடிஆர்5 நினைவகம் இருந்தது. வேகம் விநாடிக்கு 48 ஜிபி. அடுத்த ஆண்டு அதே பெயரில், அதே 384 கோர்களுடன், டிடிஆர்4 நினைவகம் வைத்த இன்னொன்று வந்தது. அதன் வேகம் 16.8 ஜிபி. கோர்கள் எத்தனை இருந்தாலும் தரவு வந்து சேராவிட்டால் அவை காத்துக்கொண்டுதான் இருக்கும். பல விளையாட்டுகளில் இரண்டாவது கார்டு முதலாவதின் பாதி வேகத்தைக்கூடத் தருவதில்லை. பணத்தை எண்ணி எண்ணிச் சேர்த்து வாங்குபவர்கள்தான் இந்த விலைக் கார்டுகளைத் தேடுகிறார்கள். அவர்களுக்கே இப்படி நேர்வது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

ஒரே பெயரில் இரண்டு சரக்கு வருவது பழைய வழக்கம். ஜிடிஎக்ஸ் 1060 கார்டில் 3 ஜிபிக்கும் 6 ஜிபிக்கும் வித்தியாசம் நினைவகம் மட்டும் என்று பலர் நினைத்தார்கள். கோர்களும் 1280-இலிருந்து 1152 ஆகக் குறைந்திருந்தன. ஆர்எக்ஸ் 580 கார்டில் 2304 கணிப்புப் பிரிவுகள் உண்டு. சீனச் சந்தைக்காக 2018-இல் வெளியான ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்ற மாதிரியில் 2048 மட்டுமே. பழைய கார்டுகளின் விற்பனையில் அது மற்ற நாடுகளுக்கும் வந்து, பெயரின் பின்பாதி சொல்லப்படாமலே கைமாறுகிறது.

கார்டைக் கணினியில் பொருத்தி, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் நினைவக வகை, பஸ் அகலம், கோர்களின் எண்ணிக்கை எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். கார்டின் பயாஸை மாற்றி எழுதி, பழைய சிப்பைப் புதிய பெயரில் விற்கும் போலிக் கார்டுகளையும் அது பெரும்பாலும் கண்டுபிடித்துக் காட்டிவிடும். அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். வாங்கிய ரசீதில் நினைவக வகை குறிப்பிடப்பட்டிருந்தால் உங்கள் வாதம் வலுப்படும்.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு, 4090 கார்டுக்குச் சமம் என்று நிறுவனத்தின் தலைவரே மேடையில் சொன்னாரே, அது உண்மையா? — ஈரோடு வாசகர்

பதில்: 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் அப்படி அறிவித்தார். 4090 கார்டில் 16384 கோர்களும் 24 ஜிபி நினைவகமும் உள்ளன. 5070 கார்டில் 6144 கோர்களும் 12 ஜிபியும். நினைவக வேகம் முறையே விநாடிக்கு 1008 ஜிபி, 672 ஜிபி. இவ்வளவு இடைவெளியை ஒரே தலைமுறையில் தாண்டுவது நடக்கக்கூடியதல்ல. அந்த ஒப்பீடு செயற்கை ஃப்ரேம்களையும், அதாவது திரையில் அடுத்தடுத்துக் காட்டப்படும் படங்களில் செயற்கையானவற்றையும், சேர்த்து எண்ணியது. கார்டு உண்மையாக வரையும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இடையில் மூன்று ஃப்ரேம்கள் வரை கணித்துச் செருகும் வசதி 50 தலைமுறையுடன் அறிமுகமானது. 40 தலைமுறையில் ஒன்றுதான்.

இந்த வசதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. விநாடிக்கு 70 ஃப்ரேம் ஏற்கெனவே வரும் இடத்தில், வேகமான மானிட்டர் வைத்திருப்பவருக்கு அசைவு மிகவும் வழுவழுப்பாகத் தெரியும். ஆனால் செருகப்பட்ட ஃப்ரேம்கள் உங்கள் மவுஸ் அசைவைக் கேட்டு வரையப்பட்டவை அல்ல. உண்மையில் 25 ஃப்ரேம் மட்டுமே வரும் விளையாட்டைத் திரையில் 90 என்று காட்டினாலும், விரல் அழுத்தியதற்குக் கார்டு பதில் சொல்வது 25-இன் வேகத்தில்தான். அடுத்த ஃப்ரேம் வரும்வரை நிறுத்தி வைக்க வேண்டியிருப்பதால் இன்னும் சற்றுத் தாமதமாகவும் ஆகும். ஆகவே பழைய கார்டையும் புதிய கார்டையும் ஒப்பிடும் எந்த வரைபடத்தைப் பார்த்தாலும், இந்த வசதியை அணைத்துவிட்டு எடுத்த அளவா என்பதை முதலில் தேடுங்கள். அடுத்து, சராசரி ஃப்ரேமுக்கு அருகில் தரப்பட்டிருக்கும் 1 சதவீதக் குறைந்தபட்ச அளவை, அதாவது மிக மெதுவாக வந்த 1 சதவீத ஃப்ரேம்களின் வேகத்தைப் பாருங்கள். 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லி விநாடி. சராசரி 60 என்றிருந்தும், நடுநடுவே ஒரு ஃப்ரேம் 80 மில்லி விநாடி எடுத்தால் கண்ணுக்கு உறுத்தும். சராசரி அதை மறைத்துவிடும், இரண்டாவது அளவு காட்டிக்கொடுக்கும். நினைவகம் போதாத கார்டுகள் பெரும்பாலும் அங்கேதான் அகப்படுகின்றன.

கேள்வி: கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டை வாங்கலாமா? — சேலம் வாசகர்

பதில்: 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளால் மைனிங் செய்யத் தேவையில்லாத முறைக்கு மாறியபின், மைனிங்கில் இருந்த கார்டுகள் பழைய சந்தைக்கு ஏராளமாக வந்தன. ஒரே வெப்பநிலையில் தொடர்ந்து ஓடிய சிப், தினமும் சூடேறிக் குளிரும் சிப்பைவிட மோசமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பழுதடைவது பெரும்பாலும் மின்விசிறியின் பேரிங்கும், நினைவகச் சில்லுகள் மேலுள்ள வெப்பப் பட்டைகளும்தான். விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கனமான விளையாட்டு ஒன்றை ஓட்டச் சொல்லுங்கள். மின்விசிறி அருகில் காதை வைத்துக் கேளுங்கள். திரையில் புள்ளிகளோ நிறக் கட்டங்களோ தோன்றுகின்றனவா என்று பாருங்கள். வேகம் நிமிடத்துக்கு நிமிடம் இறங்கினால் வெப்பம் வெளியேறவில்லை என்று பொருள். எல்லா டிஸ்ப்ளே போர்ட்களிலும் ஒருமுறை கேபிளைச் செருகிப் பாருங்கள். சோதித்துப் பார்க்க அனுமதிக்காதவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.